செங்கல்பட்டில் தேய்ந்த ழகரம்

செங்கல்பட்டு என்ற பெயரைக் கேட்டால் செங்கல் சூளைதான் நினைவுக்கு வரும். ஆனால் செங்கழுநீர்ப்பட்டு என்பதே தேய்ந்து இப்படி ஆனது என்பதுதான் பரவலான விளக்கம். செங்கழுநீர்ப் பூவின் பெயரில் அமைந்த ஊர், ழகரம் தேய்ந்ததும் கல்லாகிவிட்டது.

ழகரத்தைச் சொல்லிப் பாருங்கள். நாக்கின் நுனி பின்னோக்கி வளைந்து மேலண்ணத்தை நெருங்குகிறது, ஆனால் தொடுவதில்லை. தொட்டுவிட்டால் ளகரம். வளையச் சோம்பினால் யகரம். தெற்கே 'வாளப்பளம்', சென்னைப் பக்கம் 'வாயப்பயம்' என ஒலிப்பதற்கு இந்த நூலிழை வித்தியாசமே காரணம். நம் நாவுக்கே இந்தப் பாடு என்றால், கப்பலில் வந்தவர்கள் என்ன செய்வார்கள்? சோழமண்டலத்தின் ழகரம் ஐரோப்பியர் காதில் ரகரமாக விழுந்தது. கடற்கரை முழுவதும் 'கோரமண்டல்' ஆயிற்று.

இந்தத் திரிபுகளை அலட்சியத்தின் விளைவு என்று ஒதுக்குவது சரியல்ல. சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டி, துணி வணிகம் செய்த டச்சுக்காரர்கள் காலத்தில் அந்த ஊர் 'சட்ராஸ்' எனச் சுருங்கியது. உயிரெழுத்துகளுக்கு நடுவே வரும் தகரத்தை நாம் மென்மையாகத்தான் ஒலிக்கிறோம். அந்த மென்மைதான் அவர்கள் எழுத்தில் டகரமாகப் பதிவானது. மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பற்றி 1788-ல் கட்டுரை வெளியிட்ட வில்லியம் சேம்பர்ஸ், ஊரின் பெயரை 'மாவலிபுரம்' என்று எழுதினார். மகாபலியை நாமும் மாவலி என்றுதானே சொல்கிறோம்? இத்தகைய பழைய எழுத்துக்கூட்டல்கள் நம் முன்னோர் பேச்சின் தடயங்கள்.

இந்தக் கரையிலிருந்து உலகம் சுற்றிய சொல் கட்டுமரம். மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்துக் கடலுக்குப் போவார்கள்; திரும்பியதும் கட்டை அவிழ்த்து மணலில் காயப்போடுவார்கள், நீர் ஊறினால் மரம் கனத்துவிடும். 1697-ல் அச்சான வில்லியம் டாம்பியரின் பயண நூலிலேயே 'கேட்டமரான்' இருக்கிறது. இரட்டை டகரம் ஒற்றையானது, இறுதி மகரம் னகரமானது. 1876-ல் அமெரிக்கர் நத்தானியேல் ஹெர்ஷாஃப் இரட்டை உடல் கொண்ட பந்தயப் படகைக் கட்டிய பிறகு, அந்த வகைப் படகுக்கே இச்சொல் நிலைத்துவிட்டது. கயிற்றுக் கட்டு அதில் இல்லை.

2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றிய அரசாணை, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. எந்தக் கூட்டலும் ழகரத்தைக் காப்பாற்றாது. இசட், எச் சேர்த்து எழுதிய கோழிக்கோட்டை வடக்கே 'கோஜிகோட்' என்றுதான் படிக்கிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் மூத்தவர்கள் தங்கள் ஊர்ப்பெயரைச் சொல்வதை ஒலிப்பதிவு செய்து தொகுப்பதே இப்போது அவசரமான வேலை.