சாட்டை ஆன்டெனா (27 மெகாஹெர்ட்சு)

சாட்டை ஆன்டெனா என்பது வளைந்து கொடுக்கும் ஒற்றைக் கம்பியாகவோ, ஒன்றினுள் ஒன்று செருகி நீளும் குழாய்களாகவோ அமைந்து, செங்குத்தாக நிறுத்தப்படும் ஓர் எளிய அலைவாங்கி ஆகும். காற்றில் சாட்டையைப் போல் ஆடுவதால் இப்பெயர் பெற்றது. சிட்டிசன் பேண்ட் அல்லது சிபி எனப்படும் 27 மெகாஹெர்ட்சு குடிமக்கள் அலைப்பட்டையில் எடுத்துச்செல்லும் கருவிகளுக்கு இவ்வகையே பெரிதும் பயன்படுகிறது. இக்கட்டுரை அதன் அமைப்பையும் நிறுவும் முறையையும் தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் நிலத்தோடு பொருத்தி விளக்குகிறது.

பின்னணி

ஐக்கிய அமெரிக்காவில் 1958 ஆம் ஆண்டில் 27 மெகாஹெர்ட்சு பகுதி குடிமக்கள் பயன்பாட்டிற்குத் திறந்துவிடப்பட்டது. 1970களின் எரிபொருள் நெருக்கடியின்போது சரக்குந்து ஓட்டுநர்கள் இதைப் பெருமளவில் கையாண்டனர். இந்தியாவில் இப்பட்டை அந்த அளவுக்குப் பரவவில்லை. தொலைவிலிருந்து இயக்கும் பொம்மை மகிழுந்துகள் வழியாகவே பலரது வீட்டிற்குள்ளும் இது நுழைந்தது எனலாம்.

உரிமம் பெற்ற வானொலி ஆர்வலர்கள் பயன்படுத்தும் 28 மெகாஹெர்ட்சு பட்டை இதற்கு மிக அருகில் உள்ளது. எனவே இங்கு கூறப்படுபவை சிறு நீள மாற்றத்துடன் அதற்கும் பொருந்தும். 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது, பாரதி பிரசாத் தலைமையில் போர்ட் பிளேயருக்குச் சென்றிருந்த ஆர்வலர் குழு தம் சிற்றலை நிலையத்தைக் கொண்டு அந்தமானிலிருந்து செய்திகளை வெளியே அனுப்பியது. கொண்டுசென்று நிறுத்தும் ஆன்டெனாக்களின் பயனை நாடறியச் செய்த நிகழ்வு அது.

தாமிரபரணிக் கரையிலும் அத்தகைய தேவை எழுந்துள்ளது. 2023 திசம்பர் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட தொடருந்து சுமார் 800 பயணிகளுடன் திருவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சாலைகள் துண்டிக்கப்பட்டன, மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் பல ஊர்களில் அற்றுப்போயின. கைப்பேசிக் கோபுரத்திற்கு மின்சாரமும் இணைப்பு வடமும் வேண்டும். இரு சிறு வானொலிக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ள இரண்டு மின்கலங்களும் இரண்டு ஆன்டெனாக்களும் போதும்.

நீளம்

ஒளியின் திசைவேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 27.185 மெகாஹெர்ட்சுக்கு இது சுமார் 11 மீட்டர். அதில் கால் பங்கு 2.76 மீட்டர். கம்பியின் தடிமனாலும் நுனி விளைவாலும் உண்மையான நீளம் இதைவிடச் சிறிது குறைந்து, 2.6 மீட்டருக்கும் 2.7 மீட்டருக்கும் இடையில் அமையும். 28.5 மெகாஹெர்ட்சுக்கு ஏறத்தாழ 2.5 மீட்டர் போதும்.

இரண்டரை மீட்டர் கம்பியைப் பேருந்தில் ஏற்றுவது எளிதன்று. ஆகவே ஒரு மீட்டர் அளவுக்குச் சுருக்கிய சாட்டைகள் விற்கப்படுகின்றன. குறைந்த நீளத்தை ஈடுகட்ட அடியிலோ நடுவிலோ ஒரு கம்பிச்சுருள் சேர்க்கப்பட்டிருக்கும். இச்சுருள் ஆன்டெனாவை ஒத்ததிர்வுக்குக் கொண்டுவருமே தவிர, இழந்த நீளத்தைத் திரும்பத் தருவதில்லை. முழுக் கால் அலைநீளச் சாட்டையின் கதிர்வீச்சுத் தடை சுமார் 36 ஓம். 1.2 மீட்டருக்குச் சுருக்கினால் அது ஏறத்தாழ 5 ஓமாகச் சரிந்துவிடும். தரையிலும் சுருளிலும் ஏற்படும் இழப்புத் தடை 20 ஓம் என்று கொண்டால், முழுச் சாட்டையில் ஆற்றலின் 64 விழுக்காடு அலையாக வெளியேறும். குறுஞ்சாட்டையில் வெளியேறுவது 20 விழுக்காடு மட்டுமே. மீதி வெப்பமாகும். 5 வாட்டு கருவிக்கு இது பெரிய இழப்பு. இடமிருக்கும்போது முழு நீளத்தையே நிறுத்துவது நல்லது.

தரைக்கம்பிகள்

சாட்டை என்பது ஆன்டெனாவின் ஒரு பாதிதான். மறுபாதி தரையோ, வாகனத்தின் உலோக உடலோ, அதற்கென விரிக்கப்படும் கம்பிகளோ ஆகும். புதிதாக முயல்வோர் அதிகம் கவனிக்காமல் விடுவது இதையே. கையில் பிடித்த கருவியில் பிடித்தவரின் உடலே மறுபாதியாகிறது. அதன் திறன் குறைவாக இருப்பதில் வியப்பில்லை.

சுமார் 2.6 மீட்டர் நீளமுள்ள நான்கு காப்பிட்ட கம்பிகளைச் சாட்டையின் அடியிலிருந்து நான்கு திசைகளில் இழுத்துக் கட்டினால் மறுபாதி நிறைவு பெறும். வீட்டு மின்கம்பியே இதற்குப் போதும். அடிப்பகுதியை மூன்று அல்லது நான்கு மீட்டர் உயரத்தில் வைத்து, கம்பிகளை 45 பாகை அளவுக்குச் சரிவாகக் கீழே இழுத்தால், மின்மறுப்பு 36 ஓமிலிருந்து 50 ஓமை நெருங்கும். கருவியும் கோஆக்சியல் வடமும் 50 ஓமுக்கு வடிவமைக்கப்பட்டவை என்பதால் இது வசதியானது. அக்கம்பிகளே காற்றுக்கு இழுகயிறாகவும் பயன்படும். நுனியில் நைலான் கயிறு கட்டி முளையில் இறுக்க வேண்டும், கம்பியின் நுனி மண்ணைத் தொடக்கூடாது.

நிலத்தின் தன்மை

செங்குத்து ஆன்டெனாவிலிருந்து தாழ்கோணத்தில் செல்லும் அலைகள், சுற்றியுள்ள நிலத்தின் மின்கடத்துதிறனைப் பொறுத்து வலுக்கும் அல்லது நலியும். இவ்வகையில் தாமிரபரணிப் பள்ளத்தாக்கு ஒரு நல்ல பாடநிலம் ஆகும். பாபநாசம் பகுதியின் பாறை நிலம் நன்றாகக் கடத்துவதில்லை. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வட்டாரங்களின் நீர் தேங்கிய நெல்வயல்கள் நன்கு கடத்தும். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கமுள்ள தேரிக்காட்டின் உலர்ந்த செம்மணல் மிக மோசமானது. அங்கு தரைக்கம்பி இல்லாமல் சாட்டையை நடுவதால் பயனில்லை. அங்கிருந்து சில கிலோமீட்டர் கிழக்கே, ஆறுமுகநேரி உப்பளங்களிலும் கடலோரத்திலும் நிலைமை தலைகீழாகும். கடல்நீரின் கடத்துதிறன் ஈரக் களிமண்ணைப் போல் நூறு மடங்குக்கும் மேல்.

உயரமும் முக்கியம். இரு முனைகளிலும் ஆன்டெனா 6 மீட்டர் உயரத்தில் இருந்தால் வானொலித் தொடுவானம் சமவெளியில் சுமார் 20 கி.மீ. மட்டுமே. திருநெல்வேலிக்கும் திருவைகுண்டத்திற்கும் இடைப்பட்ட 30 கி.மீ. தொலைவை ஒரே தாவலில் கடப்பதை நம்ப முடியாது. செய்துங்கநல்லூர் போன்ற இடைப்பட்ட ஊரில் ஒருவர் இருந்து செய்தியை வாங்கி அனுப்பினால் கூடும். மாஞ்சோலை மலையிலிருந்து பள்ளத்தாக்கு முழுவதும் எட்டும், ஆயினும் அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகப் பகுதி. வனத்துறையின் அனுமதி வேண்டும்.

சரிபார்த்தல்

வடத்தின் வழியே செல்லும் ஆற்றலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை நிலையலை விகித அளவி காட்டும். விகிதம் 1.5 எனில் 4 விழுக்காடும், 2 எனில் 11 விழுக்காடும், 3 எனில் 25 விழுக்காடும் திரும்பும். 1.5க்குக் கீழே கொண்டுவந்தால் போதும். அதற்கு மேலும் மெனக்கெடுவதால் மறுமுனையில் கேட்பவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது.

பட்டையின் கீழ் முனையிலும் மேல் முனையிலும் குறைந்த ஆற்றலில் அளக்க வேண்டும். மேல் முனையில் விகிதம் கூடுதலாக இருந்தால் சாட்டை நீளம், சிறிது குறைக்கலாம். கீழ் முனையில் கூடுதல் எனில் நீட்ட வேண்டும். முழு நீளச் சாட்டையில் 1 செ.மீ. மாற்றம் ஒத்ததிர்வைச் சுமார் 100 கிலோஹெர்ட்சு, அதாவது ஏறத்தாழ பத்து அலைவரிசை அளவுக்கு நகர்த்தும். வெட்டிய கம்பி வளராது என்பதால், சற்று நீளமாகத் தொடங்கிச் சிறிது சிறிதாகக் குறைப்பதே முறை. இரு முனையிலும் விகிதம் 3க்கு மேல் நின்றால் நீளத்தைத் தொடுவதற்கு முன் இணைப்பியின் பற்றவைப்பையும் தரைக்கம்பிகளையும் பார்க்க வேண்டும். வடத்தின் வெளியுறையும் ஆன்டெனாவின் பகுதியாகி அலை வீசுவதைத் தடுக்க, அடிப்பகுதிக்கு அருகில் வடத்தை ஆறேழு சுற்று வளையமாகச் சுற்றிக் கட்டுவர்.

வானிலையும் பாதுகாப்பும்

முதல் ஆபத்து மேலே செல்லும் மின்கம்பிகள். வயல்களின் குறுக்கே செல்லும் உயரழுத்தக் கம்பிகள் சில இடங்களில் தாழ்ந்து தொங்கும். மூங்கிலின் மேல் சாட்டையைக் கட்டினால் மொத்த உயரம் ஆறு மீட்டரைத் தாண்டும். சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தொலைவில்தான் நிறுத்த வேண்டும். நனைந்த மூங்கில் காப்பாகாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பிற்பகல் இடி தொடங்கியதும் வடத்தைக் கருவியிலிருந்து கழற்றிச் சாட்டையை இறக்கிவிட வேண்டும். வெள்ளமும் இடியும் சேர்ந்தே வரும் என்பதுதான் இதிலுள்ள இக்கட்டு. கயத்தாறு வட்டாரத்தில் காற்றாலைகளைச் சுழற்றும் தென்மேற்குப் பருவக்காற்று சாட்டையையும் விடாது. நான்கு இழுகயிறுகளும் தேவை.

அயனிமண்டலம்

திருநெல்வேலி புவிக்காந்த நடுவரைக்கு மிக அருகில் உள்ளது. இதன் பொருட்டே இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் கிருட்டிணாபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தை நடத்துகிறது. அங்கு 1992 முதல் 1.98 மெகாஹெர்ட்சு ரேடார் ஒன்று மேல்வளிமண்டலக் காற்றை அளக்கப் பயன்பட்டுவந்தது. சூரியப் புள்ளிகள் மிகும் ஆண்டுகளில் 27 மெகாஹெர்ட்சு அலைகள் அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் செல்லும். அப்போது பக்கத்து ஊர்க்காரரின் மெல்லிய குரல் தொலைதேசத்து இரைச்சலில் மூழ்கிப்போவதும் உண்டு.

சட்ட நிலை

இந்தியாவில் 26.957 முதல் 27.383 மெகாஹெர்ட்சு வரை, 5 வாட்டு பயனுறு கதிர்வீச்சு ஆற்றலுக்கு மிகாத கருவிகளுக்கு 2005 ஆம் ஆண்டின் விதிகள் உரிம விலக்கு அளித்தன. பிறருக்கு இடையூறு விளைவிக்கக் கூடாது. பிறரால் நேரும் இடையூறுக்குப் பாதுகாப்புக் கோரவும் இயலாது. விலக்கு பெறக் கருவி வகை ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். தனியாகப் பொருத்தும் ஆன்டெனா இவ்விலக்கில் அடங்குமா என்பதை வாங்கும் முன்பே விதியின் வாசகத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. 28 மெகாஹெர்ட்சுக்குத் தேர்வெழுதிப் பெறும் ஆர்வலர் உரிமம் கட்டாயம். 12 வயது நிறைந்தோர் தேர்வெழுதலாம்.

வெளிநாட்டுக் கருவிகளில் 40 அலைவரிசைகள் இருக்கும். அவற்றில் 37 ஆவது 27.375 மெகாஹெர்ட்சிலும் 38 ஆவது 27.385 மெகாஹெர்ட்சிலும் அமைகின்றன. ஆகவே கடைசி மூன்று அலைவரிசைகளும் இந்திய எல்லைக்கு வெளியே விழுகின்றன. 23, 24, 25 ஆகியவை எண் வரிசைப்படி அமையாதவை என்பதால், பட்டையின் முனைகளை அளக்க 1, 37 ஆகியவற்றைக் கொள்ளலாம்.