விறாந்தையில் குளிர்காய்வோர் கவனத்திற்கு

யாழ்ப்பாணத்து வெயிலிலும் கொழும்புப் புழுக்கத்திலும் வாழ்ந்து பழகிய நமக்கு நெருப்பென்றால் அடுக்களையின் நினைவே முதலில் வரும். உடம்பைச் சூடாக்குவதற்கென நெருப்பு மூட்டும் தேவை நம்மிற் பலருக்கு இல்லை. ஆனால், தை மாதத்தில் ஒரு கிழமை நுவரெலியாவிலே தங்கிப் பார்த்தவர்கள் வேறு விதமாகப் பேசுவார்கள். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள அந்நகரில், வானம் தெளிந்த இரவுகளிலே புல்லின்மேல் உறைபனி படிவதுமுண்டு. அங்கே நெருப்பு, நெடுநாட் காணாத உறவினரைப் போல வரவேற்கப்படுகின்றது. அவ்வுறவினர் சில வேளை பகைவராகவும் மாறுவதுண்டு என்பதை நாம் பட்டறிந்தோம். அதனையே இங்கு கூற விரும்புகின்றோம்.

தைப்பொங்கலை அடுத்து வந்த ஒரு வார இறுதியில், நுவரெலியாவிலுள்ள எம் சித்தப்பா வீட்டுக்குக் குடும்பத்தோடு சென்றிருந்தோம். வீட்டுத் தோட்டத்தின் மூலையிலே பலகையாலான சிறு குடில் ஒன்று உண்டு. அதன் முன்புறம் கூரை வேய்ந்த விறாந்தை. மூன்று பக்கமும் திறந்திருக்கும். மாலையில் அங்கமர்ந்து மலைகளைப் பார்ப்பது அவ்வீட்டாரின் வழக்கம். அன்று காற்று கடுமையாக வீசியமையால் மூன்று பக்கமும் தார்ப்பாயை இறக்கிக் கட்டினோம். நடுவில் ஓர் இரும்புச் சட்டியில் கரி நெருப்பு. புகை சிறிதும் இல்லை. புகையில்லாத நெருப்பால் தீங்கில்லை என்றே எல்லாரும் எண்ணினோம்.

ஒரு மணி நேரம் சென்றிருக்கும். சின்ன மகள் தலை வலிக்கிறதென்றாள். அவள் தமையன் நாற்காலியிலேயே உறங்கிவிட்டான். அப்பம்மா தமக்கு வயிற்றைப் பிரட்டுகிறதென்றார். வளைந்து வளைந்து வந்த மலைப்பாதையின் களைப்பென்று நாம் சமாதானம் கூறினோம். எமக்கும் தலை கனத்தது. எழுந்து நிற்க மனமில்லை. அவ்வேளை, வீட்டிலிருந்து தேநீர் கொண்டுவந்த சின்னம்மா எல்லாரையும் அழைத்தார். ஒருவரும் சரியாக விடை கூறவில்லை. அவர் தட்டை நிலத்தில் வைத்துவிட்டுத் தார்ப்பாயின் கயிறுகளை அறுத்தெறிந்தார். "எழும்புங்கோ! எல்லாரும் உடனே வெளியிலை வாங்கோ!" என்று கூவியபடி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அன்றிரவு எம்மிற் சிலர் வைத்தியசாலையில் ஒட்சிசன் சுவாசிக்க நேர்ந்தது. இன்று இதனை எழுத நாம் இருப்பது அந்தத் தேநீரின் தயவால்தான்.

நிகழ்ந்தது என்ன?

கரி முற்றாக எரிந்தால் காபனீரொட்சைட்டு உண்டாகும். போதிய காற்றின்றி எரியும்போது காபனோரொட்சைட்டும் உண்டாகும். இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணையும் கரிக்காது. நன்றாகக் கனன்ற தணலில் புகை அடங்கிவிடுகின்றதே தவிர, இந்நஞ்சு அடங்குவதில்லை. புகை நம்மை இருமவைத்து வெளியே துரத்தும். இந்நஞ்சோ தாலாட்டி உறங்கவைக்கும்.

நம் குருதியிலுள்ள ஈமோகுளோபின், ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேலான வலிமையோடு காபனோரொட்சைட்டைப் பற்றிக்கொள்கின்றது. அதனால் உடம்புக்குச் செல்லவேண்டிய ஒட்சிசன் தடைப்படுகின்றது. ஹோல்டேன் என்னும் பிரித்தானிய விஞ்ஞானி, இதனைத் தாமே சுவாசித்துத் தம் உடலில் நேர்ந்த மாற்றங்களை 1895ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். சாதாரண காற்றைச் சுவாசிக்கும் ஒருவரின் குருதியிலிருந்து இந்நஞ்சிற் பாதி நீங்குவதற்கே நான்கைந்து மணி நேரமாகும். தூய ஒட்சிசன் அளித்தால் அது விரைவில் நீங்கும். ஆகவே, தலைவலி, மயக்கம், குமட்டல், தூக்கம் ஆகியன ஒரே இடத்தில் இருந்த பலருக்கு ஒருங்கே தோன்றினால், காரணம் ஆராய்ந்துகொண்டு இராமல் வெளியேறுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள்.

திறந்த இடம் எது?

விறாந்தை திறந்த வெளிதானே என்று சிலர் கேட்கலாம். தார்ப்பாய் இறங்கியதும் அது அறையாகிவிடுகின்றது. வெளியிடங்களுக்கென விற்கப்படும் வாயு வெப்பமூட்டிகளைக்கூட, சுற்றுப்பரப்பில் குறைந்தது நான்கில் ஒரு பங்காவது திறந்துள்ள இடத்திலேயே பயன்படுத்தவேண்டும் என்பது ஐரோப்பிய விதி. கரிச்சட்டிக்கோ கூரையுள்ள எவ்விடமும் ஆகாது. பலகைத் தரையில் அதனை வைப்பதும் தவறு. சாம்பலுக்குள் மறைந்த தணல் மறுநாள் வரை உயிரோடிருக்கும். கரிநெருப்பு வேண்டுமாயின் குடிலுக்கு வெளியே, வெறும் மண்ணில் வைத்துக் குளிர்காயுங்கள். சாம்பலை மூடியுள்ள உலோகப் பாத்திரத்திலிட்டுக் குடிலுக்குத் தொலைவில் வையுங்கள்.

வாயு வெப்பமூட்டியில் வேறோர் இடரும் உண்டு. சமையல் வாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலெழுந்து கலையாது. பலகைத் தரையின் இடுக்குகள் வழியே இறங்கிக் குடிலின் அடியில் தேங்கி நிற்கும். 2021ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாட்டு வீடுகளில் அடுத்தடுத்து நிகழ்ந்த வாயு வெடிப்புகளை நாம் மறந்துவிடலாகாது.

மின்சாரம் நல்லதா?

மரக்குடிலின் விறாந்தைக்கு ஓரளவு ஏற்றது, சுவரில் உயரப் பொருத்தும் மின் வெப்பமூட்டியே. திறந்த இடத்தில் காற்றைச் சூடாக்குவது வீண். சூடான காற்றைக் குளிர்காற்று அடித்துச் சென்றுவிடும். வெயில் நம்மைச் சுடுவது போல, கதிர்களால் நேரே உடம்பைச் சூடாக்கும் கருவியே வேண்டும். அத்தகைய கண்காணாக் கதிர்களை வில்லியம் ஹேர்ஷல் 1800ஆம் ஆண்டில் கண்டறிந்தார். இன்று அவற்றைச் செந்நிறக்கீழ்க் கதிர் என்கின்றோம்.

ஆயினும், இதற்கும் ஒழுங்குகள் உண்டு. 2,000 உவாற்றுக் கருவி ஒன்று, 230 உவோற்று மின்சாரத்தில் ஏறத்தாழ 8.7 அம்பியர் மின்னோட்டத்தைப் பெறும். அதனை 5 அம்பியர் குதையில் செருகலாகாது. சுருட்டிவைத்த நீட்டு வயரிலிருந்தும் மின் எடுக்கலாகாது. சுருளுக்குள் வெப்பம் தேங்கி வயரின் உறை உருகிவிடும். வெளியிடத்துக்கென ஆக்கப்பட்ட, மழைத்துளி தாங்கும் கருவியையே வாங்குங்கள். தகுதி பெற்ற மின்பணியாளரைக் கொண்டு தனி இணைப்பும் நிலத்தொடுப்பும் செய்வியுங்கள். 30 மில்லி அம்பியர் கசிவிலேயே மின்னைத் துண்டிக்கும் 'ட்ரிப் சுவிட்ச்' அவ்விணைப்புக்கு அவசியம்.

கூரைப் பலகைக்கும் கருவிக்கும் இடையே எவ்வளவு இடைவெளி வேண்டுமென்பது அதன் கையேட்டில் இருக்கும். அதில் ஓர் அங்குலமும் குறைக்காதீர்கள். நாள்தோறும் சூடேறும் பலகை மெல்லக் கருகி, வரவர எளிதில் தீப்பற்றும் இயல்பைப் பெறுகின்றது. முதல் மாதம் ஒன்றும் நேரவில்லை என்பது பத்தாம் மாதத்துக்கு உறுதியாகாது. திரைச்சீலை, போர்வை, மெத்தை முதலியன கருவிக்கு ஒரு மீற்றருக்குள் வரலாகாது. ஈரத் துணியை அதன்மேல் உலர்த்துவது பெரும் பிழை. எல்லாரும் எழுந்து செல்லும்போது கருவியும் அணைக்கப்படவேண்டும்.

அரசரோடு பழகுவோருக்கு அறிவுரை கூறவந்த வள்ளுவர், குளிர்காய்வோர் நெருப்பிடம் நடந்துகொள்ளும் அளவறிந்த முறையையே உவமையாகக் காட்டினார். தொலைவறிந்து பழகினால் நெருப்பு நட்பு. அது தவறினால் பகை.

சித்தப்பா வீட்டில் இப்பொழுது கரிச்சட்டி விறாந்தையேறுவதில்லை. காற்று வரும் ஒரு பக்கத்துக்கு மட்டும் பலகைத் தடுப்பு அமைத்திருக்கின்றார்; மற்றைய இரு பக்கங்களும் திறந்தே இருக்கின்றன. மேலே சிறு மின் வெப்பமூட்டி ஒன்று. ஆளுக்கொரு கம்பளிப் போர்வை, மடியில் சுடுநீர்ப் பை. குளிர் முற்றாகப் போய்விடவில்லை. அப்பம்மா அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்வதுமில்லை. "கொஞ்சம் குளிர் இருந்தால்தானே பிள்ளை, நாங்கள் விழிப்பாய் இருப்பம்?" என்கின்றார்.