பரிசுக்கு எழுதுவோரும் பரிசின்றித் திருத்துவோரும்

புது தில்லி: பலர் கூடி ஊதியமின்றிச் செய்யும் ஒரு பணிக்குப் பரிசு அறிவித்தால் பணி பெருகும் என்பது பொதுவான நம்பிக்கை. பெருகுவது பணியா, வெறும் எண்ணிக்கையா என்ற கேள்விக்கு இந்தியாவிலேயே கடந்த பதினைந்து ஆண்டுகளில் விடை கிடைத்திருக்கிறது. எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்னும் விதியின்மேல் எழுந்த விக்கிப்பீடியா கலைக்களஞ்சியம் ஒரு களம். மூல நிரலை அனைவருக்கும் திறந்து வைத்துக் கூட்டாக உருவாக்கப்படும் கட்டற்ற மென்பொருள் மற்றொன்று. இவற்றில் எழுதுவோரில் பெரும்பாலோருக்குச் சம்பளம் இல்லை. எழுதியதைச் சரிபார்ப்போருக்கும் இல்லை. ஆனால், பரிசு வந்தபோதெல்லாம் அது எழுதுவோர் பக்கமே போயிற்று. அதையொட்டி வந்த முறைகேடு சரிபார்ப்போர் தலையில் விழுந்தது.

புணே தந்த பாடம்

விக்கிப்பீடியாவின் பின்னணியில் உள்ள விக்கிமீடியா அறக்கட்டளை, 2011-ஆம் ஆண்டில் புணே நகரின் சில கல்லூரிகளுடன் சேர்ந்து இந்தியக் கல்வித் திட்டம் என்ற முன்னோட்ட முயற்சியைத் தொடங்கியது. ஆசிரியர் மட்டுமே படித்துவிட்டு ஒதுக்கிவைக்கும் பயிற்சிக் கட்டுரைகளுக்கு மாற்றாக, மாணவர்கள் தங்கள் பாடப் பொருளைப் பற்றி ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுத வேண்டும்; அதற்கு மதிப்பெண் உண்டு என்பது ஏற்பாடு. நோக்கத்தில் குறையில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதே முறை அப்போதுதான் ஓரளவு பலன் தந்திருந்தது.

புணேயில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஒரே பருவத்தில் களமிறங்கினர். பாடநூல்களிலிருந்தும் இணையதளங்களிலிருந்தும் பத்தி பத்தியாக எடுத்து ஒட்டப்பட்ட எழுத்து கலைக்களஞ்சியத்தில் குவிந்தது. பிறர் பதிப்புரிமை கொண்ட எழுத்துக்கு விக்கிப்பீடியா விதிகளில் இடமில்லை. எனவே, பகலில் வேறு தொழில் பார்த்துவிட்டு இரவில் கணினி முன் அமரும் தன்னார்வலர்கள், சந்தேகத்துக்குரிய ஒவ்வொரு பத்தியையும் மூலத்தோடு ஒப்பிட்டு நீக்க வேண்டியதாயிற்று. எச்சரித்த பிறகும் சிலர் நீக்கியதையே மீண்டும் ஒட்டினர். அவ்வாண்டு நவம்பரில் முன்னோட்டம் நிறுத்தப்பட்டது.

மாணவர்கள்மீது பழி போடுவது எளிது. ஆனால், பாடநூலில் உள்ளதை வரி பிசகாமல் திருப்பி எழுதுவோருக்கே முழு மதிப்பெண் அளித்துப் பழக்கிய கல்விமுறை நம்முடையது. அதில் பன்னிரண்டு ஆண்டுகள் பயின்று வந்தவர், இங்கு மட்டும் அதே செயல் திருட்டாகும் என்பதைத் தாமே உணர்ந்துகொள்வார் என எதிர்பார்த்தது திட்டமிட்டோரின் பிழை. அவர்களை வழிநடத்த அமர்த்தப்பட்ட வளாகத் தூதர்களில் பலரும் விக்கிப்பீடியாவுக்குப் புதியவர்களே. சுத்தம் செய்யப் போகிறவர்களிடம் யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை என்பதுதான் அன்று எழுந்த கோபத்தின் வேர்.

ஒரு சட்டையின் விலை

இதே காட்சி 2020 அக்டோபரில் மென்பொருள் உலகில் அரங்கேறியது. டிஜிட்டல் ஓஷன் என்ற அமெரிக்க நிறுவனம் 2014 முதல் ஆண்டுதோறும் அம்மாதத்தில் 'ஹேக்டோபர்ஃபெஸ்ட்' என்ற விழாவை நடத்தி வந்தது. கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு நான்கு திருத்தக் கோரிக்கைகளை அனுப்புவோருக்கு ஒரு டி-சட்டை பரிசு. கோரிக்கை பயனுள்ளதா என்பதைவிட, அனுப்பப்பட்டதா என்பதே பெரும்பாலும் கணக்கில் வந்தது.

இந்தியாவில் பெருந்திரளான மாணவர்கள் பின்தொடரும் யூடியூப் ஆசிரியர் ஒருவர், கோரிக்கை அனுப்புவது எப்படி என்று ஓர் எளிய எடுத்துக்காட்டுடன் காணொளியில் விளக்கினார். பார்த்தவர்களில் பலர் அந்த எடுத்துக்காட்டையே நகலெடுத்தனர். மென்பொருளின் விளக்கக் குறிப்பில் ஒரு புகழுரையைச் செருகுவது, ஒரு சொல்லை மாற்றுவது, ஓர் இடைவெளியைக் கூட்டுவது எனப் பயனற்ற கோரிக்கைகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து மூடியவர்கள் அத்திட்டங்களைப் பராமரிப்போர். அவர்களுக்குச் சட்டை இல்லை. இணையத்தில் எழுந்த எரிச்சல், விரைவிலேயே இந்திய மாணவர்கள் அனைவர்மீதான ஏளனமாகவும் மாறியது. அவ்வாறு பழிக்கப்பட்டவர்களில் பலர் ஒரு கோரிக்கைகூட அனுப்பாதவர்கள்.

அக்டோபர் 3-ஆம் தேதி அந்நிறுவனம் விதியை மாற்றியது. தாங்களாக முன்வந்து பதிவு செய்த திட்டங்களுக்கு அனுப்பப்பட்டு, பராமரிப்போரால் ஏற்கப்பட்ட கோரிக்கைகள் மட்டுமே இனிக் கணக்கில் சேரும் என்றது. பெறுவோருக்கு அறிவுரை சொல்வதற்குப் பதிலாக, சுமை சுமப்பவர் கையில் முடிவைக் கொடுத்த இந்த ஒரு திருத்தமே வெள்ளத்தைப் பெருமளவு தடுத்தது. முதலிலேயே செய்திருக்கலாம். 2023-இல் சட்டைக்கு மாற்றாக இணையவழிப் பதக்கமே வழங்கப்பட்டது.

வேங்கைத் திட்டம்

தமிழ் விக்கிப்பீடியர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. 2009-ஆம் ஆண்டையொட்டி கூகுள் நிறுவனம், தன் மொழிபெயர்ப்புக் கருவியின் துணையுடன், கூலிக்கு அமர்த்திய மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி உள்ளிட்ட மொழிகளில் ஏற்றத் தொடங்கியது. மொத்தம் 1 கோடியே 60 லட்சம் சொற்கள் மொழிபெயர்க்கப்பட்டதாக 2010-இல் அந்நிறுவனம் அறிவித்தது. ஆனால், மொழிபெயர்த்தவர்கள் கட்டுரையை ஏற்றியதோடு சென்றுவிட்டனர். வாசகருக்குத் தொடர்பற்ற தலைப்புகள், இயந்திர வாடை வீசும் நடை, கேள்வி கேட்டால் பதில் இல்லாமை என்று குறைகள் எழுந்தன. வங்க மொழி விக்கிப்பீடியா இம்முயற்சியை ஏற்க மறுத்தது. தமிழ்ச் சமூகம் கூகுளுடன் பேசி மொழிபெயர்ப்பாளர்களைத் தொடர்புக்குள் கொண்டுவர முயன்றதோடு, 2010 ஜூலையில் போலந்தின் கிதான்ஸ்க் நகரில் நடந்த உலக விக்கிமீடியர் மாநாட்டில் இதன் குறைநிறைகளை வெளிப்படையாக எடுத்துரைத்தது.

அந்த அனுபவத்தின் நிழல் 2018-இல் நடந்த அடுத்த முயற்சியில் தெரிந்தது. தமிழில் வேங்கைத் திட்டம் என்று அழைக்கப்பட்ட இதற்கும் பொருளுதவி கூகுளுடையதே. இம்முறை வெளியார் எவரும் கூலிக்கு அமர்த்தப்படவில்லை. ஏற்கெனவே எழுதி வந்த தன்னார்வலர்களுக்கு 50 மடிக்கணினிகளும் இணையச் செலவுக்கான உதவித்தொகையும் அளிக்கப்பட்டன. விண்ணப்பங்கள் பொதுப் பார்வைக்கு வைக்கப்பட்டன. சக எழுத்தாளர்கள் அவற்றின்மீது வெளிப்படையாகக் கருத்துச் சொல்ல முடிந்தது. யாருக்கு ஏன் கிடைத்தது என்று பின்னர் முணுமுணுப்பு எழுவதைக் குறைக்க இதைவிட எளிய வழி இல்லை.

மார்ச் முதல் மே வரை மூன்று மாதங்கள் கட்டுரைப் போட்டி நடந்தது. ஒவ்வொரு மொழியிலும் மாதந்தோறும் முதல் மூவருக்கு ரூ.3,000, ரூ.2,000, ரூ.1,000 பரிசு. கட்டுரைக்குக் குறைந்தபட்ச அளவு உண்டு. இயந்திர மொழிபெயர்ப்புக்கு அனுமதி இல்லை. அந்தந்த மொழியின் நடுவர்கள் படித்து ஏற்றால்தான் கணக்கு. 12 மொழிகளில் 4,466 கட்டுரைகள் வந்தன. பஞ்சாபி 1,320 கட்டுரைகளுடன் முதலிடத்தையும், தமிழ் 1,241 கட்டுரைகளுடன் இரண்டாமிடத்தையும் பெற்றன. மொத்தத்தில் பாதிக்கு மேல் இவ்விரு மொழிகளுடையவை. இந்தி பேசுவோரின் பெருந்தொகையை நினைத்தால் இது சிந்திக்கத்தக்கது. சமூகப் பரிசாக அறிவிக்கப்பட்ட பயிற்சி முகாம் அமிருதசரஸில் இரு மொழியினருக்கும் சேர்த்தே நடத்தப்பட்டது. அடுத்த சுற்றில் தமிழ் முதலிடத்துக்கும் பஞ்சாபி இரண்டாமிடத்துக்கும் இடம் மாறின.

குறை இல்லாமல் இல்லை. அளவுகோல் இங்கும் எண்ணிக்கையே. ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளைப் படித்து ஏற்றும் தள்ளியும் தீர்ப்புச் சொன்ன நடுவர்களின் உழைப்பு எந்தப் பரிசுப் பட்டியலிலும் இல்லை. நண்பர் எழுதிய கட்டுரையைத் தள்ளுவதில் உள்ள சங்கடமும் அவர்களுடையதே. ஒரு நல்ல திருத்தத்துக்கும், கண்டுபிடிக்கப்பட்ட ஒரு நகலுக்கும் மதிப்பெண் தரும் போட்டியை யாரேனும் நடத்திப் பார்த்தால் நன்று.

மறைவில் பெறப்படும் பரிசு

அறிவித்துத் தரும் பரிசுகளைவிட அறிவிக்காமல் பெறப்படுபவையே ஆபத்தானவை. பணம் பெற்றுக்கொண்டு எழுதுவோர், யாருக்காக எழுதுகிறோம் என்பதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்று 2014 ஜூன் மாதத்தில் விக்கிமீடியா தன் விதிகளில் சேர்த்தது. தில்லியை மையமாகக் கொண்டு இயங்கிய ஐ.ஐ.பி.எம். மேலாண்மைக் கல்வி நிறுவனத்தைப் பற்றிய கட்டுரையில் பல ஆண்டுகள் ஒருதலைப்பட்சமாகத் திருத்தங்கள் செய்ததாக, ஆங்கில விக்கிப்பீடியாவின் நிர்வாகி ஒருவரே 2015 பிப்ரவரியில் தடை செய்யப்பட்டார். அவர் எவரிடமும் ஏதும் பெற்றதாக நிறுவப்படவில்லை. ஆனால் அந்த இடைப்பட்ட ஆண்டுகளில், பெரும் கட்டணம் செலுத்திச் சேர்வதற்கு முன் அக்கட்டுரையை நம்பிப் படித்த பெற்றோரும் மாணவரும் எத்தனை பேரோ! எம்.பி.ஏ., பி.பி.ஏ. போன்ற பெயர்களை அந்நிறுவனம் பயன்படுத்தக் கூடாது என்று தில்லி உயர்நீதிமன்றம் தடை விதித்தது 2014 செப்டம்பரில்தான்.

பரிசு கிடைக்காதவர்களுக்கு வழக்கு கிடைக்கலாம் என்பதையும் தலைநகர் பார்த்துவிட்டது. ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் 2024-இல் விக்கிமீடியா மீது ரூ.2 கோடி இழப்பீடு கோரித் தொடுத்த அவதூறு வழக்கில், கட்டுரையைத் திருத்திய மூவரின் விவரங்களைத் தெரிவிக்குமாறு தில்லி உயர்நீதிமன்றம் ஆகஸ்டில் உத்தரவிட்டது. அவர்களின் அடையாளம் வெளியே தெரியாமல் அழைப்பாணையைச் சேர்ப்பிக்க நவம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. ஒரு பைசா பெறாமல் இரவில் அமர்ந்து எழுதியவருக்கு வழக்குரைஞரை அமர்த்தும் வசதி இருக்குமா என்பது அவ்வழக்கின் விவாதங்களில் அதிகம் பேசப்படாத பகுதி.

இதற்கிடையே செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்து, 2011-இல் புணே மாணவர் ஒருவர் ஒரு மாலை முழுதும் ஒட்டியதை அரை நிமிடத்தில் புதிய சொற்களில் தந்துவிடுகின்றன. மூலத்தோடு ஒப்பிட்டு நகலைப் பிடிக்கும் பழைய வழி இங்கே பயன்படாது. மனிதர் எவரும் சரிபார்க்காமல் இயந்திரம் எழுதியதாகத் தெளிவாகத் தெரியும் பக்கங்களை விவாதமின்றி விரைந்து நீக்க, 2025 ஆகஸ்டில் ஆங்கில விக்கிப்பீடியா தனி விதி வகுத்தது. இல்லாத நூலை மேற்கோள் காட்டுவது, கருவியின் பதில் வாசகத்தை அப்படியே விட்டுவைப்பது போன்றவை அடையாளங்கள். அந்த அடையாளங்களைத் தேடிப் படிப்பவர்கள் அதே தன்னார்வலர்கள். எண்ணிக்கைக்குப் பரிசு தரும் அடுத்த போட்டிக்கான நடுவர்களும் அவர்களிலிருந்தே வர வேண்டும்.