உலர்தாள்களில் ஒரு பாலைப் புதர்

வட அமெரிக்காவின் மொஹாவி, சொனோரா, சிவாவா என்னும் மூன்று பாலைநிலங்களிலும் பரந்து வளரும் கிரியோசோட் புதர், பிசின் படிந்து பளபளக்கும் சிற்றிலைகளும் மஞ்சள் பூக்களும் கொண்டது. தமிழகத்துத் தரிசுகளில் காலைப் பதம்பார்க்கும் நெருஞ்சியும் இதன் குடும்பத்தைச் சேர்ந்ததே. லாரியா டிரைடென்டேட்டா என்பது இதன் அறிவியல் பெயர். இதன் கிளைகள் இரு நூற்றாண்டுகளாகச் சேகரிக்கப்பட்டு, ஹெர்பேரியம் எனப்படும் உலர்தாவரகங்களில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

பூவும் காயும் உள்ள கிளையொன்றை வெட்டி, செய்தித்தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தித் தடித்த தாளில் ஒட்டுவதோடு வேலை முடிவதில்லை. சேகரித்தவர் பெயர், அவரது வரிசை எண், நாள், இடம், உயரம், மண்ணின் தன்மை ஆகியவற்றைக் குறிக்கும் சிட்டை தாளின் மூலையில் இருந்தால்தான் அந்தக் கிளை சான்றாகும். சிட்டையில்லாத கிளை வெறும் சருகு என்றே சொல்லிவிடலாம்.

சிட்டைகளில் உள்ள பெயர்கள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. 1824இல் தாவரவியலாளர் தெகாந்தோல் இச்செடியை வேறொரு பேரினத்தில் சேர்த்து விவரித்தார். 1891இல் மரணப் பள்ளத்தாக்கு ஆய்வுப் பயணத்தில் செடிகளைச் சேகரித்த ஃபிரெடரிக் கோவில், 1893இல் அதை லாரியா பேரினத்துக்கு மாற்றினார். ஆனால், லாரியா என்ற பெயர் அதற்கு முன்பே வேறொரு செடிக்கு இடப்பட்டிருந்ததால், 1895இல் அன்னா வெயில் இப்புதரைக் கோவிலின் பெயராலேயே கோவிலியா என்றழைத்தார். பின்னர், பெயரிடும் விதிகளில் விலக்களித்து லாரியா என்ற பெயரே காப்பாற்றப்பட்டது. ஆகவே, இன்றைய பெயரை மட்டும் தேடுபவருக்கு, பிற்கால ஆய்வாளர் எவரும் திருத்தச் சீட்டு ஒட்டாத பழைய தாள்கள் அகப்படாமலே போகும்.

பெயரிடுவதற்காகத் திரட்டிய இலைகள் இன்று வேறொன்றுக்கும் பயன்படுகின்றன. சிவாவாவில் 26, சொனோராவில் 52, மொஹாவியில் 78 எனப் பெரும்பாலும் பாலைக்கேற்ப இப்புதரின் குரோமோசோம் எண்ணிக்கை மாறுகிறது. எண்ணிக்கை கூடக்கூட, இலைத்துளையைத் திறந்து மூடும் காப்புச் செல்களும் பெரிதாகின்றன. செல் பிரியும் நிலையில் எண்ண வேண்டிய குரோமோசோம்களை உலர்ந்த இலையில் எண்ண இயலாது என்றாலும், காப்புச் செல்களை நுண்ணோக்கியில் அளந்து அச்செடி எவ்வகையினது என்று கணிக்க முடிகிறது. இம்முறையால், பாலை எலிகளின் பழங்கூடுகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கிடந்த இலைகளைக்கூட ஆராய்ந்து, பனியுகத்துக்குப் பின் இப்புதர் வடக்கே பரவிய போக்கை அறிஞர்கள் கண்டறிந்துள்ளனர்.

எனினும், சிட்டைகளில் உள்ள இடப் பதிவுகளைப் புள்ளிகளாக்கி வரைந்த பரவல் படத்தை அப்படியே நம்புவது தவறாகும். சேகரிப்பவர் சாலையோரத்தில் வண்டியை நிறுத்த வசதியான இடத்தில்தான் பெரும்பாலும் கிளை வெட்டுகிறார். அரிய செடிக்கு மெனக்கெடுபவர்கூட, கண்ணுக்கெட்டியவரை நிற்கும் புதரைப் பொருட்படுத்தாமல் கடந்துவிடுகிறார். ‘மொஹாவிப் பாலை’ என்று மட்டும் எழுதப்பட்ட பழஞ்சிட்டைக்கு அட்சரேகையும் தீர்க்கரேகையும் தருபவர், பிழை எத்தனை கிலோமீட்டர் வரை இருக்கலாம் என்பதையும் சேர்த்தே குறிக்க வேண்டும். படத்தில் வெற்றிடமாகத் தெரியும் பகுதியைப் புதர் இல்லாத பகுதி என்று கொள்வதற்குமுன் அங்கே யாரேனும் தேடிப் போனார்களா என்பதைப் பார்த்தாக வேண்டும்.