உங்களுக்குத் தெரியுமா? பட்டாளத்து மாமாவும் ஜாமீன் கையெழுத்தும்

“மாமா, கார் லோனுக்கு ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க!” கிள்ளானில் பென்ஷன் வாங்கும் முன்னாள் இராணுவ வீரரிடம் அக்கா மகன் கேட்கிறான். அவன் தவணை கட்டாமல் விட்டால் மாமா திவாலாவாரா?

● ஆகமாட்டார். சொந்த உபயோகக் கார், குடியிருக்கும் வீடு, கல்வி ஆகிய கடன்களுக்கு ஆதாயம் கருதாமல் ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது. 6 அக்டோபர் 2017 முதல் இதுவே மலேசியச் சட்டம். ஆனால் பணம் கேட்டு வழக்குப் போடலாம்; கையெழுத்து கையெழுத்துதான்!

● மாமாவின் சொந்தக் கடனே என்றாலும், 100,000 வெள்ளியைத் தொடாதவரை கடன் கொடுத்தவர் திவால் மனு போட முடியாது. 2017க்கு முன்பு இந்த வரம்பு 30,000 வெள்ளிதான்.

● ஓய்வுக்குப் பின் ஜாகா வேலை பார்த்து ஊழியர் சேமநிதியில் சேர்த்த பணத்தைக் கடனுக்காக ஜப்தி செய்ய இயலாது.

● இந்தியாவில் படைவீரரின் சம்பளத்தையே ஜப்தி செய்யக்கூடாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு. அமெரிக்காவில், படையில் சேருமுன் வாங்கிய கடனுக்குப் பணிக்காலத்தில் வட்டி 6 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது.

● கடன் கழுத்தை நெரிக்கிறதா? வட்டி முதலையிடம் போகாதீர்கள். பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகேயில் ஆலோசனை இலவசம்.