போலீஸ் பேச்சைக் கேட்ட பெட்டி

போலீஸ் ஸ்கேனர் கேட்க மட்டுமே தெரிந்த வானொலி. அதிலிருந்து பதில் பேச முடியாது. 1970களில் அமெரிக்கச் சிற்றூர் வீடுகளில் புழங்கிய மாதிரிகளின் முகப்பில் சின்னஞ்சிறு சிவப்பு விளக்குகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் ஓர் அலைவரிசைக்கு: ஊர்ப் போலீசுக்கு ஒன்று, மாவட்ட ஷெரீஃபுக்கு ஒன்று, தீயணைப்புக்கு ஒன்று. பெட்டியைப் போட்டதும் வெளிச்சம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓயாமல் ஓடும். எங்கோ ஒரு காவலர் மைக்கை அழுத்திப் பேசினால் அந்த விளக்கில் ஓட்டம் நின்று குரல் ஒலிக்கும். பேச்சு முடிந்ததும் மறுபடி ஓடும். எந்த அலைவரிசை வேண்டுமோ அதற்கென வெட்டிய குவார்ட்ஸ் படிகத்தை வாங்கிச் செருக வேண்டும். விரல்நகம் அளவு உலோகக் கூடு, அடியில் இரண்டு கம்பிகள், அவ்வளவுதான். பெட்டியைத் திறந்து படிகங்களைப் பார்த்தாலே வீட்டுக்காரர் எந்த ஊர்ப் போலீசைக் கேட்டார் என்று சொல்லிவிடலாம். இண்டியானா மாநிலத்தின் எலக்ட்ரா நிறுவனம் பேர்கேட் என்ற பெயரில் இவற்றை விற்றது. 1954இல் டிரான்சிஸ்டர் வானொலியை முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்த ரீஜென்சியும் இந்தத் தொழிலில் இருந்தது. 1970களின் பிற்பாதியில் படிகமே வேண்டாம், எண்களை அழுத்தினால் போதும் என்றாகிவிட்டது.

இதை வம்பு கேட்கும் சாமான் என்று ஒதுக்குவது சரியல்ல. சிற்றூர்ப் போலீசின் அன்றாட வேலையை ஊர் நேரடியாக அறிய இருந்த வழிகளில் இதுவே சிறந்தது என்பது என் கருத்து. இத்தனைக்கும் யாரும் திட்டமிட்டு இந்த வழியைத் திறக்கவில்லை. 1928இல் டெட்ராய்ட் போலீஸ் தன் கார்களுக்கு ஒருவழி வானொலியில் செய்தி அனுப்பத் தொடங்கியது. இப்படிப்பட்ட போலீஸ் ஒலிபரப்புகள் பொது நிகழ்ச்சிகளின் அலைவரிசையை ஒட்டியே இருந்ததால், 1930களின் வீட்டு வானொலிகள் பலவற்றில் முள் நகரும் தகட்டிலேயே ‘போலீஸ்’ என்று அச்சிட்டிருந்தார்கள். 1933இல் நியூ ஜெர்சியின் பயோன் நகரம் காரிலிருந்தும் பதில் பேசும் இருவழி முறையைக் கொண்டுவந்தது. வானொலி வாங்க வசதியில்லாத சிற்றூர்களிலோ, போலீசைக் கூப்பிட ஒரு சிவப்பு விளக்குதான். கம்பத்திலோ தண்ணீர்த் தொட்டியின் உச்சியிலோ அதைத் தொலைபேசி ஆபரேட்டர் எரியவிட, ரோந்தில் இருப்பவர் பார்த்துவிட்டு ஓடிவருவார். அதையும் ஊரே பார்த்தது.

கேட்பவருக்குக் கிடைத்தது என்ன? அழைப்பு வந்ததும் யாரை அனுப்பினார்கள், போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆனது, வாசலில் நின்ற காவலர் முதலில் என்ன சொன்னார் என்பதெல்லாம். சம்பவ அறிக்கை பிறகு எழுதப்படுவது, அதுவும் சம்பந்தப்பட்ட துறையே எழுதுவது. வானொலிப் பேச்சு அதற்கு முந்தியது, திருத்த நேரமில்லாதது. நிருபர் இல்லாத ஊரில் இந்த வேறுபாட்டின் மதிப்பு பெரிது. ‘டென்-ஃபோர்’ போன்ற பத்தில் தொடங்கும் எண் குறியீடுகள் மறைப்பதற்காக வந்தவை என்று சிலர் நினைக்கிறார்கள். அவை பேச்சைச் சுருக்க 1930களில் இல்லினாய் மாநிலப் போலீசில் பிறந்தவை. அவற்றின் பட்டியலை ஸ்கேனர்காரர்கள் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்கள்.

திருடனும் கேட்பானே என்பது முதல் ஆட்சேபம். கேட்பான்தான். ஆனால் 1986இன் கூட்டாட்சிச் சட்டம் குறியாக்கம் செய்யாத போலீஸ் அலைவரிசையைக் கேட்பதைக் குற்றமாக்கவில்லை. இண்டியானா, கென்டக்கி, ஃபுளோரிடா போன்ற மாநிலங்கள் உரிமமில்லாதவர் வாகனத்தில் ஸ்கேனர் வைப்பதைக் கட்டுப்படுத்தின. தப்பியோடுபவனின் கையில் இருப்பதும் வீட்டு அலமாரியில் இருப்பதும் ஒன்றல்ல என்ற பகுப்பு நியாயமானது. அடுத்தது பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கம். இது கனமான ஆட்சேபம். சிற்றூரில் கதவெண்ணைச் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். குடும்பச் சண்டையோ தற்கொலை முயற்சியோ ஊர்ப் பேச்சாகிவிடும். 2013 பாஸ்டன் குண்டுவெடிப்புக்குப் பிறகு, ஸ்கேனரில் கேட்டதாகச் சொல்லிச் சம்பந்தமில்லாதவர் பெயரை இணையத்தில் பரப்பிய கொடுமையும் நடந்தது.

இதற்கெல்லாம் மருந்து அலைவரிசை முழுவதையும் குறியாக்கம் செய்து பூட்டுவதுதானா? டிஜிட்டல் கருவிகள் வந்தபின் பூட்டுவது எளிதாகிவிட்டது. நியூயார்க் நகரப் போலீஸ் 2023இல் அதைத் தொடங்கியது. கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ 2021 ஜனவரியில் பூட்டிவிட்டு, 2022 செப்டம்பரில் திறந்துவிட்டது. பெயர், பிறந்த தேதி, உரிம எண் போன்றவற்றை மட்டும் காரில் உள்ள கணினியிலோ தொலைபேசியிலோ பரிமாறிக்கொண்டால் போதும்; மற்றதைத் திறந்தே வைக்கலாம். பழக்கத்தை மாற்றிக்கொள்ளக் காவலர்களுக்குப் பயிற்சி வேண்டும், அவ்வளவே. சிற்றூர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அங்கே இரவில் பணியில் இருப்பவர் பெரும்பாலும் ஓரிருவர்தான். ஆபத்து என்றால் பக்கத்து ஊர்ப் போலீசும் தன்னார்வத் தீயணைப்பாளர்களும்தான் ஓடிவர வேண்டும். குறியாக்கச் சாவி தங்களிடம் இல்லையென்றால் அவர்கள் காதிலும் அந்த அழைப்பு விழாது.