உம்மம்மாவின் இணுவில் மகன்

1990ஆம் ஆண்டு நவம்பர் மாதம். புத்தளத்தில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் எங்கள் குடும்பம் தங்கியிருந்தது. நிவாரண அட்டைக்குப் பெயர் பதிய வந்த தம்பி உம்மம்மாவிடம், "எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டார்.

"ஆறு" என்றார் உம்மம்மா.

பெயர்களைச் சொல்லச் சொன்னார். மூன்று பெண், இரண்டு ஆண். ஐந்துக்கு மேல் வரவில்லை. ஆறாவது பிள்ளை எங்கே என்று கேட்டதற்கு, "அவன் இணுவிலில இருக்கிறான்" என்றார். யாழ்ப்பாணத்தில் இன்னும் முஸ்லிம் ஆட்கள் இருக்கிறார்களா என்று அந்தத் தம்பி திடுக்கிட்டுப் போனார். எங்கள் பெரிய மாமா குறுக்கிட்டு, "ஐந்து என்று போடுங்கோ தம்பி" என்று முடித்துவைத்தார். உம்மம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. அன்று முழுக்க மாமாவோடு பேசவேயில்லை. பத்து வயதுப் பையனான எனக்கு அந்த ஆறாவது ஆள் கதையில் வரும் ஆள் போலத் தோன்றினார்.

சகோதரிகளே! ஸஹாபிப் பெண்மணிகளின் சரிதைகளைப் படித்துக் கண் கலங்குகிறோம். நம் வீட்டு மூலையில் தஸ்பீஹ் மணியோடு இருந்து மறைந்த மூதாட்டிகளின் வாழ்வை எழுதிவைக்க யாருக்கும் நேரமில்லை. எங்கள் உம்மம்மா 2017ஆம் ஆண்டு ஷவ்வால் மாதத்தில் வபாத்தானார். வயது தொண்ணூற்றொன்று என்பது எங்கள் கணக்கு. பிறப்புப் பத்திரம் கிடையாது. "கொழும்பிலயும் திருகோணமலையிலயும் ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம் எனக்குக் கலியாணம், அப்ப பதினாறு" என்பார். குண்டு விழுந்தது 1942. அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டோம்.

பிறந்தது யாழ்ப்பாணம் சோனகத் தெரு. உம்மப்பா தையற்காரர். கடையில் இரண்டு சிங்கர் மெஷின். 1971இல் அவர் மௌத்தாகியபோது உம்மம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது. நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்து முடித்த அடுத்த நாளே ஒரு மெஷினை வீட்டு அறைக்குள் கொண்டுவரச் செய்தார். பெண்களுக்குச் சட்டையும் பாவாடையும் தைத்தே மிச்சமிருந்த மூன்று பிள்ளைகளையும் கரை சேர்த்தார். பின்னேரத்தில் அதே அறையில் தெருப் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பார். மெஷின் சத்தத்துக்கு மேலாக அலிஃப், பே சத்தம் கேட்கும். யாராவது பிழையாக ஓதினால் மெஷின் நின்றுவிடும். தமிழ் எழுத்து அவருக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். அறபுத் தமிழ்க் கிதாபை மட்டும் தண்ணீர் போல வாசிப்பார். கோபக்காரர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருமக்கள் சமைத்த கறியில் உப்புக் கூடினால் வாய் திறக்கமாட்டார். கோப்பையைத் தள்ளி வைப்பார், அவ்வளவுதான், வீடே நடுங்கும்.

இனி இணுவிலுக்கு வருகிறேன்.

யாழ் நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் ஏறக்குறைய நான்கு மைல் போனால் கொக்குவில், கோண்டாவிலுக்கு அடுத்தது இணுவில். புகையிலைத் தோட்டமும், தவில் நாதஸ்வரமும், கோயில்களும் நிறைந்த சைவக் கிராமம். அங்கே அமெரிக்க மிஷனார் 1898இல் பெண்களுக்கென்றே மக்லியொட் ஆஸ்பத்திரியைத் திறந்தார்கள். மேரி லீச், மார்கரட் லீச் என்ற இரு சகோதரிகள் நிதி சேர்த்துக் கொடுக்க, இஸபெல்லா கர் என்ற பெண் டாக்டர் அதை நடத்தி வளர்த்தார். பெண்ணைப் பெண்ணே பார்ப்பாள் என்ற நம்பிக்கை கோஷாப் பெண்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். சோனகத் தெருவிலிருந்து சேலையால் மூடிக் கட்டிய வாடகைக் காரில் உம்மம்மா அங்கே போனது அதனால்தான்.

1952இல் என் தாயார் அங்கே பிறந்தார். பக்கத்துக் கட்டிலில் இணுவில் தோட்டக்காரர் ஒருவரின் மனைவி. தலைப்பிள்ளை, ஆண். பெற்ற மறுநாளே தாய்க்குக் கடுங்காய்ச்சல், நினைவு தப்பிவிட்டது. பிள்ளை பாலுக்குக் கத்துகிறது. உம்மம்மா தன் பிள்ளையைக் கிடத்திவிட்டு எழும்பிப் போய் அதைத் தூக்கிக்கொண்டார். யாரும் கேட்கவுமில்லை, இவர் யாரையும் கேட்கவுமில்லை.

காவலுக்கு நின்ற அந்தப் பிள்ளையின் அப்பாச்சி, சோனகத்தியின் பாலா என்று முணுமுணுத்தாராம். இதை உம்மம்மா சிரித்துக்கொண்டுதான் சொல்வார். "முதல் நாள் முணுமுணுத்தா. ரெண்டாம் நாள் பிள்ளை வயிறு நிறைஞ்சு நித்திரை கொண்டுது. மூண்டாம் நாள் கிழவி தானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து என்ர மடியில வெச்சா." மூன்று நாள் இரவு பகலாக ஒரு பக்கம் என் தாயார், மறு பக்கம் அந்தப் பையன். நான்காம் நாள் அந்தத் தாய்க்குக் காய்ச்சல் விட்டது.

அந்தத் தொடர்பு அறுந்து போகவில்லை. பொங்கல் முடிந்தால் சைக்கிளில் ஒரு சாக்குக் கத்தரிக்காயும் மரவள்ளிக் கிழங்கும் வரும். நோன்புப் பெருநாளைக்கு இங்கிருந்து தொதல் போகும். சைவ வீடு என்பதால் அதற்கென்று ஒரு புதுச் சட்டி வைத்திருந்தார் உம்மம்மா. இறைச்சி பட்ட அகப்பை அதன் பக்கம் போகாது. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் அக்கா, தங்கச்சி என்றே அழைத்தார்கள். பையன் எல்லாப் பிள்ளைகளையும் போல "உம்மா" என்றே கூப்பிட்டானாம்.

1990 ஜூனில் யாழ் கோட்டை முற்றுகை தொடங்கி, குண்டு வீச்சில் நகரம் இடிந்துகொண்டிருந்தது. எங்கள் தெரு கோட்டைக்கு அதிக தூரமில்லை. உம்மம்மா வீட்டு உறுதியையும், தன் அறபுத் தமிழ்க் கிதாபையும், உம்மப்பாவின் மணிக்கூட்டையும் ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்து இணுவிலுக்கு அனுப்பிவிட்டார். சண்டை ஓய்ந்ததும் எடுக்கலாம் என்பது எண்ணம். அதன் பின் நடந்தது உங்களுக்குத் தெரிந்த வரலாறு. அந்த ஒக்டோபர் மாதத்தில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்து முறை ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். உம்மம்மா காதுத் தோட்டையும் இழந்து, உடுத்த உடுப்போடு வந்து சேர்ந்தார். அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. தங்கச்சிக்கு ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் வந்ததையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் பன்னிரண்டு வருடம். உவர்த் தண்ணீரை வாயில் வைக்கும்போதெல்லாம் சோனகத் தெருக் கிணற்றின் பெயரைச் சொல்லித்தான் குடிப்பார். அங்கேயும் ஒரு பழைய மெஷின் வந்து சேர்ந்தது. அங்கேயும் பின்னேரம் அலிஃப், பே. என்னைப் புத்தளம் காஸிமிய்யா அறபுக் கல்லூரியில் சேர்த்தவர் அவர்தான். மௌலவிப் பட்டத்தோடு நான் வீட்டுக்கு வந்தபோது வயது இருபத்தொன்று. தலைப்பாகையை விட அறிவு பெரிது என்பது அந்த வயதில் தெரியாது.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை. ஏப்ரலில் கண்டி வீதி திறந்தது. ஜூனில் ஒரு நாள் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், ஒரு தோளில் கறுத்தக் கொழும்பு மாம்பழச் சாக்கும் மறு கையில் தகரப் பெட்டியுமாக எங்கள் கொட்டில் வாசலில் வந்து நின்றார். நெற்றியில் விபூதி. உம்மம்மா ஒரு கணம்தான் பார்த்தார். தலையில் துணி கூட இல்லாமல் ஓடிப்போய் அவர் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். என் தாயாரும் முக்காட்டைச் சரிசெய்யாமலே பக்கத்தில் நின்று அழுதார்.

அந்த இடத்தில் நான் செய்ததை இன்று எழுத வெட்கமாயிருக்கிறது. வந்தவர் காதுபடவே, "உம்மம்மா, அந்நிய ஆண். தலையை மூடுங்கோ" என்றேன்.

உம்மம்மா திரும்பிப் பார்த்தார். "இவன் என்ர பால் குடிச்சவன். உங்கட கிதாபில போய்ப் பார், மௌலவி மோனே."

பார்த்தேன். பார்க்கவே தேவையில்லை, ஓதிய பாடம்தான். பொன்னானி ஸைனுத்தீன் மக்தூம் அவர்களின் ஃபத்ஹுல் முஈனில் பால்குடி பற்றிய பாடத்தை உஸ்தாத் முன்னால் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் படித்தவன் நான். அது என் வீட்டிலேயே உயிரோடு இருக்கிறது என்பதுதான் உறைக்கவில்லை. இரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளை ஒரு பெண்ணிடம் ஐந்து முறை, தனித்தனியாகக் குடித்தால் ஷாஃபிஈ மத்ஹபில் அவள் அதற்குத் தாய். அவள் பெற்ற பிள்ளைகள் எல்லோரும் அதற்கு உடன்பிறப்புகள். திருமணம் ஹராம்; பார்ப்பதும் தனித்திருப்பதும் ஆகும். திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 23ஆம் வசனத்தில் பெற்ற தாயோடு சேர்த்தே பால் கொடுத்த தாயும் எண்ணப்பட்டிருக்கிறாள். பிள்ளை எந்த மார்க்கத்தில் வளர்ந்தான் என்று சட்டம் கேட்கவில்லை. மக்கா வெற்றிக்கு முன் அபூ ஸுஃப்யான் இஸ்லாத்தில் இல்லாத நிலையில் தன் மகள் உம்மு ஹபீபா (ரலி) வீட்டுக்கு வந்தார். நபிகளாரின் விரிப்பில் அவரை உட்கார விடாமல் சுருட்டி எடுத்தார்களே தவிர, அவரைக் கண்டு திரை போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் உஸ்தாதிடம் ஓடினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "எத்தனை முறை கொடுத்தார், கேட்டாயா?" என்றார். திரும்பி வந்து உம்மம்மாவிடம் கேட்டேன். "பிள்ளை அழுதா குடுத்தன். கணக்கா வெச்சன்?" என்றார். மூன்று நாள் இரவு பகல், பெற்றவளுக்கு நினைவில்லை, ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவையாவது குடித்திருக்கும். உஸ்தாத் சிரித்தார். "அப்படியென்றால் உன் மாமாவிடம் போய் மன்னிப்புக் கேள்" என்றார்.

கேட்டேன். அவர் என் தலைப்பாகையைத் தட்டிவிட்டு, மாம்பழம் ஒன்றை வெட்டித் தந்தார்.

இந்த இடத்தில் சகோதரிகளிடம் ஒரு வார்த்தை. தங்கை பிள்ளைக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இரக்கத்தில் பால் கொடுப்பது நம் வீடுகளில் சாதாரணம். கொடுங்கள், ஆனால் இரு வீட்டாருக்கும் சொல்லுங்கள், எழுதியும் வையுங்கள். உக்பா இப்னு ஹாரிஸ் (ரலி) திருமணம் முடித்த பிறகு, ஒரு பெண் வந்து கணவன் மனைவி இருவருக்கும் தான் பால் கொடுத்ததாகச் சொல்ல, அந்தத் திருமணமே பிரிய நேர்ந்தது. 2024இல் கராச்சியில் குறைமாதக் குழந்தைகளுக்கென்று தொடங்கப்பட்ட தாய்ப்பால் வங்கி, உலமாக்களின் ஆட்சேபத்தால் உடனே நிறுத்தப்பட்டதற்கும் இதுதான் காரணம்: யார் பால் யாருக்குப் போனது என்று தெரியாமல் போய்விடும். உயிருக்குப் போராடும் சிசுவை எண்ணும்போது எனக்கு அந்த விஷயத்தில் மனம் இரண்டுபடுகிறது. பெயர் பதிந்து கொடுக்க ஒரு வழி காணலாம் என்றே படுகிறது.

தகரப் பெட்டியின் கதை தனி. 1995இல் வலிகாமமே இடம்பெயர்ந்தது. அதுவும் ஒக்டோபர் 30, ஐந்து வருடம் கழித்து அதே நாள். இணுவில் தங்கச்சி வயலையும் வீட்டையும் விட்டுப் புறப்பட்டபோது, தன் நகையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, இந்தப் பெட்டியை மட்டும் மகன் தலையில் ஏற்றினாராம். தென்மராட்சியில் ஒரு மரத்தடியில் மழைக்கு அதன் மேல் தன் பாயைப் போட்டு மூடினார். ஊர் திரும்பும் முன்பே அங்கே காலமானார். அதுவரை பெட்டி இருந்தது அவர் வீட்டுச் சாமியறையில், உயரத் தட்டில். உள்ளே வேதப் புத்தகம் இருக்கிறது என்று அந்த அம்மா தினமும் அதைத் துடைத்து வைப்பாராம். உம்மம்மா பெட்டியைத் திறந்து கிதாபை எடுத்தார். ஒரு கறையான் தொடவில்லை. உறுதிக்கடதாசி பொலித்தீனில் சுற்றியபடி இருந்தது. தங்கச்சி இல்லை என்று கேள்விப்பட்ட அந்த இரவு அவர் சாப்பிடவில்லை.

2010இல் உம்மம்மாவை யாழ்ப்பாணம் கூட்டிப் போனோம். எங்கள் வீட்டுக்குக் கூரையில்லை. மெஷின் இருந்த அறையில் ஆள் உயரத்துக்கு ஒரு வேப்பமரம். தெருவில் பலர் காணிக்கு உறுதி இல்லாமல் அலைந்தபோது எங்களுடையது கையில் இருந்தது. உம்மம்மா வீட்டை ஐந்து நிமிடம்தான் பார்த்தார். "இணுவிலுக்கு விடுங்கோ" என்றார். அங்கே இரண்டு நாள் தங்கினார்.

நபிகளாருக்குப் பாலூட்டிய துவைபா (ரலி) அவர்களுக்கு மதீனாவிலிருந்து உடையும் அன்பளிப்பும் போய்க்கொண்டேயிருந்தன. ஹுனைன் போருக்குப் பின் ஷைமா வந்து, நான் உங்கள் பால் சகோதரி என்றபோது நபிகளார் (ஸல்) தம் மேலாடையை விரித்து உட்கார வைத்தார்கள். ஹவாஸின் கூட்டத்தார் அந்த உறவைச் சொல்லியே கேட்க, கைதிகள் ஆறாயிரம் பேர் விடுவிக்கப்பட்டார்கள். ஜும்ஆக்களில் நான் இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். 2002க்கு முன் சொன்னதும் பின் சொன்னதும் ஒன்றல்ல.

உம்மம்மா வபாத்தானது ஸுப்ஹுக்குச் சற்று முன். அஸருக்கு அடக்கலாம் என்றார்கள். ஜனாஸாவைத் தாமதப்படுத்தக் கூடாதுதான். உரியவர் வரும்வரை, உடலுக்குப் பங்கம் வராத அளவில் காத்திருப்பதற்கு இடமுண்டு. பெரிய மாமா என்னைப் பார்த்தார். "இணுவிலில இருந்து தம்பி வாறான், அது வரைக்கும் இருப்பம்" என்றார். அவருடைய வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது.

மூன்றரை மணிக்கு அவர் வந்தார். முகம் பார்க்க உள்ளே பெண்கள் பகுதிக்குக் கூட்டிப் போனேன். மையவாடியில் மாமாமார் கபுறுக்குள் இறங்கினார்கள்; இவர் விளிம்பில் நின்றார். நாங்கள் மூன்று பிடி மண் போடுவதைப் பார்த்துத் தானும் போட்டார். ஊர்ப் பெரியவர் ஒருவர் என் காதருகில், "இவர் யார்?" என்றார். நான் வாய் திறக்குமுன் பெரிய மாமாவே, "எங்கட தம்பி" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்தார்.

அடுத்த நாள் காலை புறப்படும்போது அந்தத் தகரப் பெட்டியைத் தரமுடியுமா என்று கேட்டார். கிதாபை நாங்கள் எடுத்துக்கொண்டோம். வெறும் பெட்டியாகக் கொடுக்க மனமில்லாமல், என் தாயார் அடுப்படிக்குப் போய்ப் புதுச் சட்டியைத் தேடினார்.